கண்ணை அசைத்துப் பார்க்கச் சொன்ன டீச்சர்

அன்று காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றபோது தலைவர் செல்லையாவின் அழைப்பு வந்தது. செல்லையா எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் காலையிலேயே அழைத்தால் யாரோடோ சண்டை என்றுதான் பொருள். "என்ன தலைவரே, இன்னைக்கு யாரு?" என்று சலிப்போடுதான் கேட்டேன். மறுமுனையில் அந்த மனிதர் விம்மிக்கொண்டிருந்தார்.

"சேர், நம்ம டீச்சரம்மா போயிட்டாங்க. நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாங்களாம். த்ரீவீல்ல ஏத்தி மெயின் ரோட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சேர்."

எங்கள் தோட்டத்தில் டீச்சர்மார் பலர் உண்டு. பெயர் சொல்லாமல் டீச்சரம்மா என்றால் அது புவனேஸ்வரி டீச்சர் ஒருவர்தான். நுரையைத் துடைக்காமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, பயம். இனி அந்த மலையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம். டீச்சரை அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். அறியாதவர்களுக்கு அந்த மலையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் பாதையில், கீழே இறப்பரும் மேலே தேயிலையுமாகக் கிடக்கிறது எங்கள் தோட்டம். ஒரு மேட்டில் பள்ளிக்கூடம். அதற்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், செங்குத்தாக ஒரு சரிவு. சரிவின் அடியில் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிய காம்பரா அறைகளாக ஒரு நீண்ட லயம். லயத்துக்கு மேலே சரிவில் கிழட்டுப் பலாமரம் ஒன்று நிற்பதால் அதற்குப் பலாமரத்து லயம் என்று பேர். மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கரும்பாறை. பாறையை ஒட்டி அருவி. புவனேஸ்வரி டீச்சர் அந்த லயத்தில் பிறந்தவர். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்து, விஞ்ஞான ஆசிரியையாக அங்கேயே திரும்பி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி யோகனின் குடும்பத்தோடு அதே லயத்தில் கடைசிவரை இருந்தார்.

குள்ளமானவர். நடை ஓட்டமாகத்தான் இருக்கும். கைப்பையில் எப்போதும் வறுத்த பலாக்கொட்டை. கரும்பலகையில் அவர் எழுதுவதை அவரே இரண்டாம் முறை வாசிக்கத் திணறுவார். என் தமிழ் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டுந்தான். நான் இந்தப் பக்கம் வெண்பாவோடு போராடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கைதட்டலும் கூச்சலுமாக இருக்கும். பலமுறை தட்டியைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறேன். ஒரு முறைகூட அவர் சத்தத்தைக் குறைத்ததில்லை.

அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் நான் சண்டைக்கென்றே அடுத்த வகுப்புக்குப் போனேன். கரும்பலகையின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி, நீலச் சோக்கை விரலால் தேய்த்துவிட்டு, புகைபோல மங்கலாக ஒரு வளையம். பிள்ளைகள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சேர். அந்தப் புள்ளிய மட்டும் பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது" என்றார்.

கோபத்தை ஒத்திவைத்துவிட்டுப் பார்த்தேன். சற்று நேரத்தில் நீல வளையம் கரைந்தது. கரும்பலகை கறுப்பாகவே இருந்தது. யாரோ அழித்துவிட்டார்களோ என்று கண்ணைத் திருப்பினேன். வளையம் அங்கேயே இருந்தது.

"நம்ம கண்ணு சோம்பேறி சேர். ஒரே எடத்துல மாறாம இருக்கிற ஒண்ண அது கொஞ்ச நேரத்துல விட்டுரும். அசைச்சாத்தான் திரும்பக் குடுக்கும்."

"அப்ப நான் ஒங்கள அசையாம பார்த்தா நீங்க மறைஞ்சிருவீங்களா?"

"முயற்சி பண்ணிப் பாருங்க. ஒங்களுக்கும் நிம்மதி" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சண்டையை மறந்து திரும்பி வந்தேன்.

கண் என்ற ஒன்றின் மீது அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படம் ஒன்றைக் கொடகவெலயில் பெரிதாக அச்சடித்து விஞ்ஞான அறையில் ஒட்டிவைத்திருந்தார். வட்ட வட்டமாகச் சக்கரங்கள். கண்ணை அங்கும் இங்கும் ஓடவிட்டால் அவை சுழலும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அவையும் நின்றுவிடும். அதை முதலில் பார்த்த அன்று, "அன்னைக்கு அசைக்கச் சொன்னீங்க. இன்னைக்கு அசைச்சதுனாலதான் இல்லாதது தெரியுது. எதைத்தான் நம்புறது டீச்சர்?" என்று மடக்கினேன். அதோடு விடாமல், கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றும் எடுத்துவிட்டேன்.

"தீர விசாரிக்கிறதுன்னா எப்படின்னு ஒங்க ஆளுங்க சொல்லலையே சேர்" என்றார். "நான் சொல்றேன். முறைச்சும் பாருங்க, அசைச்சும் பாருங்க. அப்பறம் ஒண்ணும் சொல்லாம இன்னொருத்தரப் பார்க்கச் சொல்லுங்க. எல்லாத்துலயும் மாறாம நின்னா அதுதான் உண்மை."

அன்றைக்கு அதை ஒரு விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி அருவிக்கு வருகிறேன். கொழுந்து நிறுக்கும் இடம் அருவிக்கு நேர் எதிரே, ஓடைக்கரையில் இருக்கிறது. மதியமும் சாயந்திரமும் பெண்கள் நிறுவைக்குக் காத்துக்கொண்டு, களைப்பில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினால் பாறை மெல்ல மேலே ஏறும். பலாமரமும் சேர்ந்து ஏறும். இது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. பாறை ஏறினால் லயத்தில் ஒரு சாவு விழும் என்று நம்பினார்கள். ஏறுவதைப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்து முனியப்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பே எரியாது.

டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் அத்தனை பேரையும் ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போயிருந்தேன். தண்ணீரில் ஒரே இடத்தைக் கண் அசையாமல் பார்க்கச் சொன்னார். பிறகு பாறையைப் பார்க்கச் சொன்னார். "ஏறுது, ஏறுது" என்று கூட்டம் அலறியது. மறுபடியும் பார்க்கச் சொன்னார். இந்த முறை தண்ணீரோடு கண்ணையும் இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். இப்போது பாறை ஏறுவதைக் கண்டவர்கள் மிகக் குறைவு.

"பாத்தீங்களா? மேல இருந்து கீழ விழறதையே பார்த்துப் பார்த்துக் கண்ணு சலிச்சுப் போச்சு. அந்தச் சலிப்புல நிக்கிறது மேல போற மாதிரி தெரியுது. நல்லாப் பாருங்க, ஏறிக்கிட்டே இருக்கும், ஆனா எங்கயும் போய்ச் சேராது. முனியும் இல்ல, சாவும் இல்ல. போயி அடுப்பப் பத்த வைங்க."

தோட்டமே சிரித்துக்கொண்டு கலைந்தது. ஒரு பழைய பயம் அன்றோடு போனது. அதற்குப் பதிலாக ஒரு சொலவடை வந்தது. யாராவது இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னால், கணக்கைக் குழப்பினால், புருஷன் மேல் சந்தேகப்பட்டால்கூட, "ஒனக்கு தண்ணியப் பார்த்த கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். டீச்சருக்கு அதில் பெருமை. எனக்கும் பிடித்திருந்தது. மண்ணிலிருந்து பிறந்த சொல் அல்லவா என்று வகுப்பிலேயே பாராட்டினேன்.

அந்தச் சொல்தான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

போன மழைக்காலத்தில், பெற்றோர் கூட்டம் ஒன்றில், செல்லையா ஒரு வேடிக்கை சொன்னார். பேச்சாயி அக்கா கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுந்து நின்று பலாமரம் நகருகிறது என்று கத்தினாராம். பேச்சாயி அக்கா பலாமரத்து லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவர். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுபவர், கங்காணியிலிருந்து கடவுள்வரை ஒருவரையும் விட்டுவைக்காதவர். "தண்ணியப் பார்த்த கண்ணு, ஒக்காருன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு. அது அழுதுகிட்டே போயிருச்சு" என்றார் செல்லையா. கூட்டம் மறுபடியும் சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. கூட்டத்தின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பேச்சாயி அக்காவிடம் நேராகப் போனார்.

"அக்கா, மரம் ஏறுச்சா, எறங்குச்சா?"

"நீங்களும் கிண்டல் பண்றீங்களா டீச்சரம்மா?"

"இல்லக்கா. ஏறுச்சா, எறங்குச்சா? அத மட்டும் சொல்லுங்க."

"எறங்குச்சு. சாமி சத்தியமா எறங்குச்சு. மளார்னு ஒரு சத்தம். அப்பறம் மரம் ஒரு சாண் கீழ நின்னுச்சு."

 டீச்சர் என்னை வெளியே கூப்பிட்டார். "சேர், தண்ணியப் பார்த்த கண்ணுக்கு எல்லாம் மேலதான் ஏறும். எறங்காது. எறங்கவே எறங்காது. அதுவும் ஏறிக்கிட்டே இருக்குமே தவிர வேற எடத்துல போயி நிக்காது. அந்த அக்கா பார்த்தது கண்ணு பண்ணின வேலையில்ல" என்றார். அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதேயில்லை.

மறுநாள் இருவரும் சரிவில் ஏறினோம். பலாமரத்துக்கு மேலே, புல்லுக்குள், மண் வாய் பிளந்திருந்தது. பிளவுக்குள் குடைக்கம்பியை விட்டேன், பிடிவரைக்கும் போனது. லயத்துக் குடிதண்ணீர் ஊற்று சேறாக வந்துகொண்டிருந்தது. கீழ்க் கிராமத்திலிருந்து மாட்டைத் தேடி வந்த ஒரு சிங்களப் பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். "மே கந்த நாய யனவா, மிஸ்" என்றார். மண்சரிவை அவர்கள் நாய என்பார்கள். இந்த மலை சரியப் போகிறது என்று, மழை வரப் போகிறது என்பதைப் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாட்டைத் தேடிப் போய்விட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. டீச்சர் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனார். அரசாங்க அலுவலகங்களுக்கும் போனார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆபத்துதான் என்றார்கள், பெரிய மழையென்றால் இறங்கிவிடுங்கள் என்றார்கள். எங்கே போய் இருப்பது என்று கேட்டதற்கு வீடு வரும் என்றார்கள். அடுத்த பெரிய மழைக்கு டீச்சர் லயத்தைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார். மலை விழவில்லை. கோழிகள் திருட்டுப் போயின. பாயும் சட்டியும் நனைந்தன. சனம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. அடுத்த மழைக்குக் கதவைத் தட்டினார். பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த மழைக்குச் செல்லையா முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டீச்சரம்மாவுக்கே தண்ணியப் பார்த்த கண்ணு வந்திருச்சு."

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் டீச்சர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். "நான்தான் சேர் அவங்களுக்கு அந்தப் பேச்சக் குடுத்தேன். இருந்த பயத்த எடுத்தேன். எடுத்த எடத்துல வேற ஒண்ண வைக்கணும்ல? வைக்கல" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். "இப்ப அந்த மலை அவங்களுக்கு என் நீல வளையம் மாதிரி. தினம் தினம் அங்கயே நிக்குது, அதுனால கண்ணு அத விட்டுருச்சு" என்றார்.

பள்ளிக்கூட விடுதியில் அவருக்கு ஓர் அறை தர எங்கள் பள்ளி அதிபர் தயாராக இருந்தார். நானும் மன்றாடினேன். "நான் மட்டும் எறங்கினா, டீச்சரம்மா தான் தப்பிச்சா போதும்னு போயிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அப்பறம் ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று மறுத்துவிட்டார். கடைசிவரை அந்தச் சரிவின் கீழேயே தூங்கினார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. யோகனை விட்டுப் பாறையில் சுளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி அடிக்கச் செய்தார். பாறை மலையின் எலும்பு, அது நகராது. பலாமரம் மண்ணில் நிற்பது, மண் நகர்ந்தால் அதுவும் விலகும். விஞ்ஞான அறையின் ஜன்னலோரச் சுவரில் ஊதுகுழல் அளவுக்கு ஒரு பைப் துண்டைச் சீமெந்து வைத்துப் பதித்தார். அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் பலாமரத்தின் அடிமரம் மட்டும் தெரியும். பாறையிலுள்ள புள்ளி அதற்குச் சரியாகப் பின்னால் மறைந்திருக்கும். தினமும் காலைக் கூட்டத்துக்கு மணியடிக்குமுன் அதில் கண் வைத்துப் பார்ப்பார். எனக்கும் காட்டித் தந்தார்.

"புள்ளி தெரியாத வரைக்கும் பயமில்ல சேர். புள்ளி தெரிஞ்சிச்சுன்னா என்னைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. அவங்கள எறக்கிருங்க."

அவர் இறந்த அன்று பிற்பகல் உடலைக் கொண்டுவந்து யோகனின் காம்பராவில் வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கேகாலையிலிருந்தும் வரக்காப்பொலயிலிருந்தும் கூட வந்து சேர்ந்தார்கள். மேல் லயம், கீழ் லயம், கிராமத்துச் சிங்களவர், கொடகவெல கடைத்தெரு முஸ்லிம்கள் என்று கூட்டம் முற்றத்தில் கொள்ளவில்லை. இத்தனை சனம் அந்தச் சரிவின் கீழே ஒருநாளும் கூடியதில்லை. மழை மறுபடியும் பிடித்து விடியும்வரை கொட்டியது. யோகன் வீட்டு முன்கதவு சாத்த வரவில்லை. மழையில் கதவுப் பலகை ஊறிவிட்டது என்றார்கள். முந்தாநாள்வரை நன்றாகத்தான் சாத்தியது என்று யோகனின் மனைவி சொன்னார். அழுகைச் சத்தத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடக்கம் செய்ய இருந்த அன்று காலை வந்தவர்கள் உட்கார வாங்குகள் போதவில்லை. நானும் செல்லையாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விஞ்ஞான அறையில்தான் நல்ல வாங்குகள் இருந்தன. அவர் வாங்கைத் தூக்கும் நேரத்தில் நான் பைப்பில் கண்ணை வைத்தேன். டீச்சர் இல்லாத காலை, அவருக்காக ஒரு தரம் பார்ப்போம் என்றுதான் வைத்தேன்.

மூடுபனி விலகியிருந்தது. அடிமரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

 தூங்காத கண், அழுத கண், இதை நம்பலாமா? முறைத்துப் பார்த்தேன், சற்று நேரத்தில் அது மங்கிக் கரைந்தது. இல்லை என்று மனம் ஆறப் பார்த்தது. அப்போது அந்த நீல வளையம் ஞாபகம் வந்தது. கண்ணை எடுத்துச் சக்கரப் படத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், மறுபடியும் கண்ணை வைத்தேன். புள்ளி இருந்தது. பாதிக்கு மேல் தெரிந்தது.

ஒன்றும் சொல்லாமல் செல்லையாவைக் கூப்பிட்டேன். "இதுல ஒரு கண்ண வச்சுப் பார்த்து, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

குனிந்து பார்த்தார். "பலாமரம் தெரியுது. அதுக்குப் பக்கத்துல வெள்ளையா, தட்டு மாதிரி ஒண்ணு. என்னா சேர் அது?"

சொன்னேன். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கை வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "என் பொஞ்சாதி, புள்ளைங்க எல்லாம் அங்கதான் சேர் இருக்காங்க" என்றார். வாங்கை அப்படியே போட்டுவிட்டு இருவரும் ஓடினோம். என் வயதில் அந்தப் பள்ளத்தில் ஓடியது இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஆண்கள்தான் இடுகாட்டுக்குப் போவார்கள். பெண்கள் பாதை திரும்பும் முடக்குவரை வந்து மாரடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வீட்டைக் கழுவி, சடலம் கிடந்த இடத்தில் விளக்கேற்றுவார்கள். இடுகாட்டிலிருந்து வருகிற ஆண்கள் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கருமாதிவரை விளக்கு அணையக் கூடாது, இரத்த உறவுகள் அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. அதாவது, பெண்களும் பிள்ளைகளும் நாள்கணக்கில் அந்தச் சரிவின் கீழேதான் இருந்திருப்பார்கள்.

செல்லையா முற்றத்தில் ஒரு கதிரைமேல் ஏறினார். தப்பு மேளம் அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. டீச்சரம்மா வச்ச புள்ளி தெரியுது. சேர் சொல்லல, நான் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். நான்தான் டீச்சரம்மாவ இதே முத்தத்துல நின்னு கிண்டல் பண்ணினேன். இப்ப நானே சொல்றேன், மலை எறங்குது. டீச்சரம்மாவத் தூக்கறோம். ஆம்பள பொம்பள எல்லாரும் வரணும். ஒருத்தரும் லயத்துக்குத் திரும்பக் கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணியப் பார்த்த கண்ணு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் நகரவும் இல்லை. யோகனின் மாமியார்தான் கேட்டார்: "வெளக்கு? வெளக்க எங்க வைக்கிறது? செத்த வீட்ட இருட்டா போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

 யோகன் அக்காவின் தலைமாட்டில் எரிந்த விளக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் மலையில் எங்கோ ஒரு கல் உருண்டது. சின்னக் கல்தான். கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது.

பேச்சாயி அக்கா எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் விளக்கைக் கையில் எடுத்தார். "வெளக்கு எங்க இருக்கோ அதுதான் செத்த வீடு. டீச்சரம்மா இருந்தது இந்தக் காம்பராவுலயா? பள்ளிக்கூடத்துலதான இருந்தாங்க? வாங்கடி" என்றார். ஒரு கையில் விளக்கு, மறு கையில் டீச்சரின் குடை. தூறலில் இறங்கி நடந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், பிள்ளைகள், மற்றவர்கள் தூக்கி வந்த கிழவர்கள். தப்புச் சத்தம் இல்லாமல் பாடை கடைசியாக வந்தது. தன்னுடைய சாவில் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு டீச்சர் கடைசியாக அந்த லயத்தை விட்டு இறங்கினார். நான் வாய்விட்டு அழுதேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தோம். யோகன் கைப்பிடி மண் போட்டார். விளக்கு இப்போது விஞ்ஞான அறையில் எரிகிறது. பக்கத்தில் மாலையிட்ட அவருடைய படம். இதை எழுதும் இன்று சாயந்திரம் அதன் முன்னால் உட்கார்ந்து சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கிய வெளிச்சத்தில் மாலை கரைந்தது, பிறகு டீச்சரின் முகமும் கரைந்தது. பதறிக் கண்ணை அசைத்தேன். முகம் திரும்பி வந்தது. முயற்சி பண்ணிப் பாருங்க சேர் என்று அன்றைக்குச் சொன்னவர்தானே.

அடக்கம் முடிந்து சில நாளில் நல்ல வெயில் அடித்தது. எதிர்ச் சரிவு பச்சையாக, ஒன்றும் அறியாததுபோல் நின்றது. வகுப்பறைத் தரையில் படுத்துப் படுத்து எல்லோருக்கும் உடம்பு நோவு. யோகன் பேச்சாயி அக்காவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "அக்கா, மலை நிக்குதுதான? வெயிலும் அடிக்குது. வீட்டுக்குப் போயிரலாம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க."

பேச்சாயி அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "முறைச்சுப் பார்த்தா நிக்கத்தான் செய்யும் தம்பி. அந்தக் கொழாயில கண்ண வச்சு, அசைச்சுப் பாரு. பார்த்துட்டு வந்து சொல்லு."

யோகன் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுத்து, தரையைப் பார்த்து, மறுபடியும் பார்த்தார். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். "முழுசாத் தெரியுது. மரத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல எடம் விழுந்திருக்கு" என்றார் கடைசியில். அதற்குப் பிறகு யாரும் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

போய் வாருங்கள் டீச்சர். மலை இன்னும் விழவில்லை. லயத்தில் யாரும் இல்லை.